துளசியின் குணம் துளசியுடையதுதானா?

எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "துளசி, வேம்பு போன்ற மூலிகைகள் கிருமிகளைக் கொல்வது, அவற்றின் உள்ளே வாழும் பாக்டீரியாக்களால்தான் என்று ஓர் ஆசிரியர் சொன்னார். உண்மையா? உண்மை என்றால் அந்தப் பாக்டீரியாக்களிலிருந்து ஏன் இன்னும் மருந்து வரவில்லை? என் திட்டப்பணிக்கு இதை எடுக்கலாமா?"

முதல் கேள்விக்கு நேரடியாகச் சொல்கிறேன். துளசியைப் பொறுத்தவரை, இல்லை. துளசி இலையைக் கசக்கினால் மூக்கில் ஏறும் மணத்தில் முக்கியப் பங்கு யூஜினாலுக்கு. கிராம்பில் இருப்பதும் அதுதான். இலையின் மேலுள்ள நுண்ணிய சுரப்பி மயிர்களில் செடி தானே அதைத் தயாரிக்கிறது. அதற்கான என்சைம்களின் மரபணுக்கள் செடியின் டி.என்.ஏ.வில் இருக்கின்றன. வேம்பின் கசப்பும் வேம்பின் சொந்தச் சரக்கு. ஆனாலும் உங்கள் ஆசிரியர் சொன்னதை முழுப் பொய் என்று தள்ளிவிட மாட்டேன். ஓரிரு செடிகளில் நிரூபிக்கப்பட்ட ஓர் உண்மையை அவர் எல்லாச் செடிகளுக்கும் நீட்டிவிட்டார்.

அந்த உண்மை எது என்றால், கிழக்காசியாவில் அழகுக்காக வளர்க்கப்படும் சிவப்புப் பழச் செடியான ஆர்டிசியா கிரெனேட்டாவின் கதை. அதன் இலை விளிம்பில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். ஒவ்வொரு முடிச்சுக்குள்ளும் பர்க்கோல்டேரியா இனத்தைச் சேர்ந்த ஒரு பாக்டீரியா குடியிருக்கிறது. விதை வழியாகத் தாய்ச்செடியிலிருந்து கன்றுக்கு வருகிறது. வெளியே எடுத்து வளர்க்க முடியவில்லை. இந்தச் செடியின் இலையிலிருந்து 1988இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எஃப்.ஆர்.900359 என்ற பொருளைப் பிரித்தார்கள். நெடுங்காலம் அது செடியின் பொருள் என்றே கருதப்பட்டது. 2015இல்தான் அதைத் தயாரிக்கும் மரபணுக்கள் செடியிடம் இல்லை, முடிச்சுக்குள் இருக்கும் பாக்டீரியாவிடம் இருக்கின்றன என்று தெரிந்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அந்தப் பொருள் பாக்டீரியாவைக் கொல்வதற்கானது அல்ல, பூச்சிகளின் செல்லுக்குள் செய்தி கடத்தும் ஒரு புரதத்தை முடக்குகிறது. செடியைக் கடிக்க வருபவனுக்கு வைத்த விஷம்.

அதனால் எண்டோபைட் என்ற சொல்லைக் கேட்டவுடன் ஆன்டிபயாடிக் என்று மனம் தாவக்கூடாது. செடியின் திசுவுக்குள், வெளியே நோய்க்குறி காட்டாமல் வாழும் எந்த நுண்ணுயிரும் எண்டோபைட்தான். பக்கவேர் முளைத்து வெளியே வரும்போது வேரின் தோல் கிழிகிறதே, அந்தக் கீறல்தான் பெரும்பாலான பாக்டீரியாக்களின் வாசல். இலைத்துளை வழியாகவும் நுழையும். நாம் கத்தியால் வெட்டிய காயம் வழியாகவும் நுழையும். வேரில் கூட்டம் அதிகம், தண்டில் குறைவு, இலையில் இன்னும் குறைவு. உள்ளே போனவை ஒன்றோடொன்று இடத்துக்கும் சர்க்கரைக்கும் போட்டியிடுகின்றன. ஆன்டிபயாடிக் என்ற பேச்சு அங்கேதான் தொடங்குகிறது.

இதைப் புரிந்துகொள்ள மூலிகைகளை விட்டுவிட்டுக் கரும்புக்கு வாருங்கள். என்னைக் கேட்டால், செடிக்குள் நடக்கும் ரசாயனச் சண்டையை இவ்வளவு தெளிவாகக் காட்டும் பயிர் வேறில்லை.

கரும்புக்குள் சாந்தோமோனாஸ் அல்பிலீனியன்ஸ் என்று ஒரு பாக்டீரியா வாழும். தண்ணீரை மேலே ஏற்றும் சைலக் குழாய்கள் அதன் வீடு. மாதக்கணக்கில், சில நேரம் அதற்கும் மேலாக, எந்த அறிகுறியும் இல்லாமல் இருக்கும். அப்போது அது எண்டோபைட். பிறகு வறட்சியோ வேறு நெருக்கடியோ வரும்போது, இலை நரம்பை ஒட்டி, பென்சிலால் கோடு கிழித்ததுபோல் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று தோன்றும். கோடு அகலும், இலை நுனியிலிருந்து கருகும், சில வேளைகளில் தூரே சாய்ந்துவிடும். இப்போது அது நோய்க்கிருமி. அதே பாக்டீரியா, அதே குழாய். இதனால்தான் எண்டோபைட்டை நல்ல பையன் என்று பாடப்புத்தகம் எழுதும்போது எனக்குச் சிரிப்பு வரும்.

அந்த வெள்ளைக் கோட்டைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். அங்கே பச்சையம் அழிக்கப்படவில்லை, உருவாகவே இல்லை. காரணம், அந்தப் பாக்டீரியா சுரக்கும் அல்பிசிடின் என்ற பொருள். அது டி.என்.ஏ. கைரேஸ் என்ற என்சைமைத் தாக்குகிறது. டி.என்.ஏ. படியெடுக்கப்படும்போது, கயிற்றின் புரிகளைப் பிரித்துக்கொண்டே போனால் முன்னால் முறுக்கு ஏறுமே, அப்படி ஏறும். கைரேஸ் இரண்டு இழைகளையும் வெட்டி, வேறொரு பகுதியை அந்த வெட்டுவாய் வழியாக நுழைத்து, மறுபடி ஒட்டி, முறுக்கைத் தளர்த்துகிறது. வெட்டியதற்கும் ஒட்டுவதற்கும் இடைப்பட்ட அந்த நொடியில் அல்பிசிடின் உள்ளே புகுந்து, மூடவிருக்கும் கதவிடுக்கில் ஆப்பு வைத்ததுபோல் உட்கார்ந்துகொள்கிறது. வெட்டிய டி.என்.ஏ. வெட்டியபடியே நிற்கிறது, செல் சாகிறது. கைரேஸ் பாக்டீரியாவிடம் இருப்பது. செடிக்கு ஏன் அடி விழுகிறது? பச்சையம் இருக்கும் குளோரோபிளாஸ்ட், பழங்காலத்தில் செல்லுக்குள் குடிபுகுந்த ஒரு நீலப்பச்சைப் பாக்டீரியாவின் வாரிசு. மூதாதையின் கைரேஸ் இன்னும் அதற்குத் தேவைப்படுகிறது. ஆக, இலையில் தெரியும் வெள்ளைக் கோடு என்பது ஓர் ஆன்டிபயாடிக் வேலை செய்யும் தடம். கண்ணாலேயே பார்க்கலாம், நுண்ணோக்கி வேண்டாம்.

இனி எதிர்த்தரப்பு. அதே கரும்பு இலையில் பான்டோயியா டிஸ்பெர்சா என்ற இன்னொரு பாக்டீரியா கிடைத்தது. அதனிடம் அல்பிசிடினை வெட்டிச் செயலிழக்கச் செய்யும் என்சைம் இருந்தது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ராபர்ட் பிர்ச் குழுவினர் அந்த என்சைமின் மரபணுவைக் கரும்பில் புகுத்தி, இலைக் கருகலை எதிர்த்து நிற்கும் செடிகளை உருவாக்கி 1999இல் அறிவித்தார்கள். மூன்றாவது ஆள் குளுகோன் அசிட்டோபேக்டர் டயசோட்ரோபிகஸ். 1988இல் பிரேசிலில் யோஹானா டோபரைனரும் அவருடன் பணியாற்றியவரும் கரும்பிலிருந்து பிரித்து அறிவித்த, காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தரும் பாக்டீரியா. தமிழ்நாட்டில் கரும்புக்கு உயிர் உரமாகக் கொடுக்கப்படுவதும் இதுதான். பத்து சதவீதச் சர்க்கரைக் கரைசலிலும் சளைக்காமல் வளரும். கரும்புக்குள் வாழ வேறென்ன தகுதி வேண்டும்? அது சுரக்கும் ஒரு சிறு புரதம், லைசோசைம் போல, சாந்தோமோனாஸ் அல்பிலீனியன்ஸின் செல்சுவரையே கரைக்கிறது என்று 2002இல் வெளியான ஆய்வு காட்டியது. உரம் என்று நாம் கொடுப்பது உள்ளே போய்க் காவலுக்கும் நிற்கக்கூடும்.

ஒரே தண்டுக்குள் ஒருவன் ஆயுதம் செய்கிறான், ஒருவன் அதை உடைக்கிறான், இன்னொருவன் வேறோர் ஆயுதத்தோடு வருகிறான். விவசாயிக்கு இதில் நேரடிப் பாடமும் உண்டு. கரும்பைக் கரணை வெட்டித்தானே நடுகிறோம்? நோய்க்குறி தெரியாத கரணைக்குள் சாந்தோமோனாஸ் உறங்கிக்கொண்டிருந்தால், வெட்டும் கத்தி ஒவ்வொரு கரணைக்கும் அதை எடுத்துப் போகும். அதனால்தான் விதைக்கரும்புக்குக் கரணைகளை நாற்பது மணி நேரமாவது ஓடும் தண்ணீரில் ஊறவைத்து, அதன்பின் 50 டிகிரி வெந்நீரில் 3 மணி நேரம் வைக்கும் முறை வந்தது. கத்தியையும் கிருமிநாசினியில் முக்கி எடுக்க வேண்டும்.

இப்போது இரண்டாவது கேள்வி: ஏன் மருந்து வரவில்லை?

அல்பிசிடினையே கணக்குக்கு எடுங்கள். அது பாக்டீரியாவைக் கொல்லும் என்று 1985இல் தெரிந்தது. அதன் வேதி அமைப்பு வெளியானது 2015இல். நடுவில் முப்பது ஆண்டுகள். கைரேஸின் மேல் அது எப்படி உட்காருகிறது என்ற படம் 2023இல்தான் கிடைத்தது. தாமதம் யாருடைய சோம்பலாலும் அல்ல. அந்தப் பாக்டீரியா மிக மெதுவாக வளரும். அல்பிசிடினை இம்மியளவுதான் சுரக்கும். வேகமாக வளரும் வேறொரு சாந்தோமோனாஸுக்கு அந்த மரபணுக்களை மாற்றி, அதை உற்பத்தி செய்யவைத்த பிறகுதான் ஆராயப் போதிய அளவு கிடைத்தது. பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அதை முழுக்க ரசாயன முறையில் செய்யவும் வழி கண்டார்கள். அதனால் மூலக்கூறின் துண்டுகளை மாற்றி மாற்றிப் பார்க்க முடிகிறது. இவ்வளவுக்கும் பிறகு, இன்றும் அது ஆய்வகப் பொருள்தான். அதற்குள் எதிர்ப்பும் தலைகாட்டிவிட்டது: சால்மோனெல்லா, ஈ. கோலை போன்றவை அல்பிசிடினைப் பிடித்துக் கட்டும் ஒரு புரதத்தின் மரபணுவைப் பல படிகளாகப் பெருக்கிவைத்துத் தப்பிக்கின்றன என்று 2023இல் காட்டப்பட்டது. மருந்தாவதற்கு முன்பே மருந்துக்கு எதிர்ப்பு!

மூலிகைக் கதைகளில் அதிகம் பேசப்படுவது ஆஸ்திரேலியாவின் வடக்கு ஆட்சிப்பகுதியில் வளரும் கென்னெடியா என்ற அவரைக் குடும்பக் கொடி. அங்குள்ள பழங்குடி மக்கள் காயங்களுக்கு அதைப் போடுவது வழக்கம். அமெரிக்காவின் மொன்டானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கேரி ஸ்ட்ரோபல் குழு, அந்தக் கொடிக்குள்ளிருந்து ஸ்ட்ரெப்டோமைசஸ் என்ற பாக்டீரியா ஒன்றைப் பிரித்து, அது சுரக்கும் முனும்பிசின்கள் என்ற நான்கு பொருள்களை 2002இல் அறிவித்தது. ஆந்த்ராக்ஸ் கிருமி, பல மருந்துகளுக்கு அடங்காத காசநோய்க் கிருமி ஆகியவற்றை அவை ஆய்வகத்தில் தடுத்தன. ஒன்று மலேரியா ஒட்டுண்ணியையும் தடுத்தது. அடுத்த ஆண்டே அதே பகுதியின் கிரெவில்லியா மரத்திலிருந்து ககாடுமைசின்கள் வந்தன. அவை 1957இலிருந்தே அறியப்பட்ட எக்கினோமைசினின் உறவினர்கள். எக்கினோமைசின் டி.என்.ஏ.வுக்குள் செருகிக்கொள்ளும் பொருள். புற்றுநோய்க்காக மனிதர்களில் சோதிக்கப்பட்டுக் கைவிடப்பட்டது. கிருமியின் டி.என்.ஏ.வுக்கும் நம் டி.என்.ஏ.வுக்கும் அது வேறுபாடு பார்ப்பதில்லை. முனும்பிசினோ ககாடுமைசினோ மருந்துக்கடைக்கு வரவில்லை. செய்தித்தாளில் வந்த நாளோடு பெரும்பாலோர் மறந்தும்விட்டார்கள்.

புதியது என்று எண்ணி எடுத்தது பழையதாக முடிவது இந்தத் துறையின் நிரந்தரத் தலைவலி. ஓர் உதாரணம் எனக்கு மிகவும் பிடிக்கும். நெல்வயலில் புகையான் என்று நாம் திட்டும் பூச்சி இருக்கிறதே, அதன் உடலுக்குள் வாழும் ஒரு பாக்டீரியாவிடமிருந்து 1987இல் ஆன்ட்ரிமிட் என்ற ஆன்டிபயாடிக் கிடைத்தது. கொழுப்பு அமிலத் தயாரிப்பின் முதல் படியைத் தடுக்கும் பொருள். பிறகு அதே ஆன்ட்ரிமிட் செடிகளோடு வாழும் பான்டோயியாவிலும் கிடைத்தது. அதற்கான மரபணுத் தொகுதி ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியது. நீங்கள் எந்தச் செடியைப் பிளந்தாலும், கொல்லிமலை உச்சியில் பறித்ததானாலும், உள்ளே இருப்பவர் ஏற்கெனவே பெயர் வைக்கப்பட்ட ஒரு பொருளைக் கையில் வைத்திருக்க வாய்ப்பு அதிகம்.

"மருந்து வரவில்லை" என்று நீங்கள் எழுதியதில் சிறு திருத்தம். கோதுமை, பார்லி வேர்களுக்குள் சாதாரணமாகக் காணப்படும் பேனிபேசிலஸ் பாலிமிக்ஸா என்ற பாக்டீரியாவின் சுரப்புதான் பாலிமிக்ஸின் என்ற ஆன்டிபயாடிக். 1947இல் அறிவிக்கப்பட்டது. அந்தக் குடும்பத்துக் கொலிஸ்டின் இன்று தீவிர சிகிச்சைப் பிரிவில் வேறு எதுவும் கேட்காதபோது கடைசியாக எடுக்கும் மருந்து. எண்டோபைட்டைத் தேடிப் போய் அதைக் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் அதைச் சுரப்பவர் செடியின் குடித்தனக்காரர்தான். கோழிக்கும் பன்றிக்கும் அள்ளிக் கொடுத்ததில் அதற்கும் எதிர்ப்பு வளர்ந்தது. ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் கொலிஸ்டின் எதிர்ப்பு மரபணு சீனாவில் கண்டுபிடிக்கப்பட்டதாக 2015 இறுதியில் செய்தி வந்தது. 2019இல் இந்திய அரசு உணவுக்கான விலங்குகளுக்குக் கொலிஸ்டின் கொடுப்பதைத் தடைசெய்தது.

வயலில் நிலைமை வேறு. அங்கே பொருளைச் சுத்தமாகப் பிரிக்கத் தேவையில்லை, பாக்டீரியாவையே கொடுத்துவிடலாம். ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாத் தூள் என்று நம் விவசாயிகள் நேர்த்தி செய்வது இதே கணக்கில்தான். பேசிலஸ் வெலசென்சிஸின் எஃப்.இசட்.பி.42 என்ற வகை டிஃபிசிடின், பேசிலிசின் என்ற இரண்டு பொருள்களால் நெல்லின் பாக்டீரியா இலைக்கருகல் கிருமியை அடக்குகிறது. ஆனால் குடுவையில் பத்துப் பொருள் சுரப்பது செடியில் பத்தையும் சுரக்காது. இதே வகையை லெட்யூஸ் கீரை வேரில் விட்டுப் பார்த்தபோது, அதன் லிப்போபெப்டைடுகளில் (கொழுப்பும் புரதத்துண்டும் இணைந்த பொருள்களில்) சர்ஃபேக்டின்தான் முக்கியமாகக் கிடைத்தது. சர்ஃபேக்டின் எதிரியைக் கொல்வதைவிட, செடியைத் தட்டி எழுப்பி அதன் சொந்தத் தற்காப்பை முடுக்கிவிடும் வேலையை நன்றாகச் செய்கிறது. ஆக, பாக்டீரியா வளர்க்கும் அகார் தட்டில் ஆயுதமாகத் தெரிவது செடிக்குள் அழைப்பு மணியாக இருக்கலாம்.

மூன்றாவது கேள்வி: திட்டப்பணிக்கு எடுக்கலாமா? எடுங்கள். ஆனால் எல்லோரும் எடுப்பதுபோல் எடுக்காதீர்கள். மூலிகையைப் பறிப்பது, தண்டை வெட்டுவது, அகாரில் வைப்பது, வந்த பேசிலஸ் பாக்டீரியாவின் சுரப்பை எத்தில் அசிட்டேட் கரைப்பானில் இறக்குவது, அதில் தோய்த்த வட்டத்தாளை ஈ. கோலை வளரும் தட்டில் வைப்பது, சுற்றிலும் கிருமி வளராத பதினான்கு மில்லிமீட்டர் தெளிவட்டம் வந்தது என்று ஆய்வேட்டை முடிப்பது. இப்படி எழுதப்பட்ட ஏடுகளை அடுக்கினால் ஒரு நூலகம் வரும். தெளிவட்டத்தின் அகலம் பொருளின் வீரியத்தை மட்டும் சொல்வதில்லை; அது அகாரில் எவ்வளவு எளிதாகப் பரவுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. கொலிஸ்டின் பருமனான மூலக்கூறு. அகாரில் சரியாகப் பரவாது. அதனால் மருத்துவமனை ஆய்வகங்களிலேயே அதற்கு வட்டத்தாள் சோதனையை நம்பக்கூடாது, திரவ ஊடகத்தில் நீர்த்துப் பார்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நீங்களும் கிருமியைத் தடுக்கப் போதுமான குறைந்தபட்ச அளவைத் திரவ ஊடகத்திலேயே கண்டுபிடியுங்கள். எத்தில் அசிட்டேட் மட்டும் வைத்த வட்டத்தாளும் ஒரு தட்டில் இருக்கட்டும்.

வேகமாக வளர்வதைப் பார்த்து மயங்காதீர்கள். இரண்டாம் நாளே தட்டை நிறைப்பவற்றை ஓரம்கட்டுங்கள். பூஞ்சையைத் தடுக்கும் நிஸ்டாட்டின் கலந்த, சத்து குறைந்த அகாரில் தண்டுத் துண்டை வைத்து, தட்டின் ஓரத்தை ஒட்டி மூடி, மூன்று நான்கு வாரம் பொறுமையாக இருங்கள். ஒரு நாள் துண்டின் வெட்டுமுனையில் சுண்ணாம்புத்தூள் தூவியதுபோல் வெள்ளையாக, தொட்டால் அகாரோடு ஒட்டி நகராத கெட்டிப் புள்ளி ஒன்று தெரியும். தட்டைத் திறந்தால் மூக்குக்குத் தெரிந்துவிடும்: கோடை மழை விழுந்த முதல் நிமிடத்து மண்வாசனை. அது ஸ்ட்ரெப்டோமைசஸ் சுரக்கும் ஜியோஸ்மின் என்ற மணப்பொருள். முனும்பிசினைச் சுரந்தவரும் இந்தக் குலம்தான்.

கடைசியாக, நான் சூடுபட்ட ஒரு விஷயம். பல ஆண்டுகளுக்கு முன், மூன்று வெவ்வேறு செடிகளின் தண்டுக்குள்ளிருந்து ஒரே பேசிலஸ் எங்களுக்குக் கிடைத்தது. மூன்றிலும் அழகான தெளிவட்டம். செடிகளுக்குப் பொதுவான காவலன் என்று தலைப்பே யோசித்துவிட்டோம். நான்காவதாக, எதையும் வைக்காமல், தண்டைக் கழுவிய நீரை மட்டும் ஊற்றிய தட்டிலும் அவனே வந்து நின்றான். தண்டின் மேற்பரப்பைச் சுத்தம் செய்ய வைத்திருந்த எங்கள் ஆல்கஹால் புட்டிக்குள் இருந்திருக்கிறான். எழுபது சதவீத ஆல்கஹால் பேசிலஸின் ஸ்போரை, அதாவது உறக்க வித்தை, கொல்லாது என்பது எல்லோருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும், தெரிந்தும் ஏழு மாதம் போனது.

ஆகவே தண்டை ஆல்கஹாலில் ஒரு நிமிடம், பிறகு சோடியம் ஹைப்போகுளோரைட்டில் சில நிமிடங்கள் வைத்து, கிருமிநீக்கிய நீரில் மூன்று நான்கு முறை கழுவுங்கள். ஆல்கஹாலை வடிகட்டிப் பயன்படுத்துங்கள். கடைசிக் கழுவல் நீரில் ஒரு சொட்டை எடுத்து அதே அகாரில் பரப்பி, கழுவிய தண்டை வெட்டாமல் அப்படியே இன்னொரு தட்டின் மேல் உருட்டி எடுத்து, இரண்டு தட்டுகளையும் உங்கள் மாதிரிகள் இருக்கும் அதே பெட்டியில் அதே நான்கு வாரம் வையுங்கள். அவை வெறுமையாக இருந்தால் படமெடுத்து ஆய்வேட்டின் முதல் படமாக ஒட்டுங்கள். வெறுமையாக இல்லையென்றால், எத்தனை பெரிய தெளிவட்டம் வந்திருந்தாலும் அந்தத் தொகுதி முழுவதையும் ஆட்டோகிளேவ் என்ற அழுத்த நீராவிக் கலத்தில் போட்டுவிட்டு, அடுத்த செடியைப் பறிக்கப் போங்கள்.